நீலத்துக்கு அடியில் ஒரு சிலுவை

1961 ஓகஸ்ட், சனிக்கிழமை

பழைய பிக்கப்புக்கு நானே அடித்த நீலப் பெயின்ற் நேற்றுத்தான் காய்ந்தது. பின்பெட்டியின் அடித்தகடு கறள் பிடித்து ஓட்டையாகிவிட்டதால், போன கிழமை அதற்குப் பலகை அடித்திருந்தேன். காசு கொடுத்து வாங்கிய பலகை அல்ல. கடலுக்குப் போன செபமாலை அண்ணர் இல்லாமல் தனியே கரையொதுங்கிய அவருடைய மீன்பிடி வள்ளத்தில் கழற்றியது. அவர் மனைவி திரேசக்காவிடம் கேட்கவில்லை. மணலில் கிடந்து உக்குவதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று தண்ணீரூற்றுச் சந்தைக்குப் போக திரேசக்காவே வந்து பின்னால் ஏறினார். இருந்த இடத்தை விரலால் தடவினார். சுவாமியார் வள்ளத்தை மந்திரித்து ஆசீர்வதித்த அன்று அண்ணர் உளியால் வெட்டிய சிலுவை, மூன்று பூச்சுக்கு அடியிலும் தெரிந்தது.

"இது எங்கட வள்ளத்துப் பலகையெல்லே, தம்பி?"

"ஓம் அக்கா. கேக்காமல் எடுத்துப்போட்டன்."

அவர் கோபப்படவில்லை. "பெயின்ற் வடிவாய்ப் பிடிச்சிருக்கு" என்றார். நான் முன்னால் போய் வண்டியை எடுத்தேன்.

சந்தையடியில் இறக்கிவிடப் போனபோது பார்த்தேன். கோயிலுக்குள் இருப்பதுபோல், செருப்பைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

நான் செருப்புக்காலால் மிதித்துக்கொண்டுதான் அந்தப் பலகைக்கு ஆணி அடித்தேன்.