திரை இழுக்காத காலை

என் அப்பாவுக்கு, பிலிமத்தலாவைக் கடையில் உங்கள் கதிரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

கப்பல்களுக்கு வழிகாட்ட நீங்கள் வேலை பார்த்த கடற்கரை வெளிச்சவீட்டின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். நேற்று ஒருவர் அச்சுப் பிரதியோடு வந்தார். வெள்ளைக்காரன் கட்டியது, புயலுக்குத் தப்பியது, யுத்த காலத்தில் எரிந்தது, எல்லாம் இருக்கிறது. உங்களைப் பற்றி ஒரே வரி: ‘காவலாளியின் கவனக்குறைவால் விளக்கறை எரிந்தது.’ அவருக்கு ஊற்றிய தேத்தண்ணீரைக் கொடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.

நீங்களா கவனமில்லாதவர்? விடிந்ததும் விளக்குக் கண்ணாடியைச் சுற்றித் திரை இழுக்காவிட்டால், வெயில் அதற்குள் குவிந்து தீப்பிடிக்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! கடலை விட்டு வந்த பிறகும் கடையின் எண்ணெய்ப் போத்தல்களைக் காலையில் சாக்குப் போட்டு மூடுவீர்கள். கலஹா தேயிலைத் தோட்டத்து ஆளுக்குக் கடல் பைத்தியம் என்று அம்மா கேலி செய்வார்.

வந்தவர் போனதும் அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். துப்பாக்கியோடு வந்த மூன்று பேர் விளக்கறையைப் பிடித்துக்கொண்டார்களாம். இறங்க மறுத்த உங்கள் கூட்டாளி சூசை மாமாவை வாய்க்குள்ளேயே சுட்டார்களாம். படிகளில் வழிந்த இரத்தத்தை உங்களைக்கொண்டே கழுவ வைத்தார்களாம். மறுநாள் விடிந்தபோது, மேலே ஏற்றி வைத்திருந்த மண்ணெண்ணெய்க் கேன்களுக்கு நடுவே அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“அவரு மறக்கல புள்ள,” என்றார் அம்மா. “தெறைய கையில புடிச்சாராம். பொறகு விட்டுட்டு, கதவ வெளியில பூட்டிட்டு எறங்கிட்டாராம். அவனுங்க கத்துன சத்தம் அடங்குற வரைக்கும் கீழயே நின்னாராம்.”

அப்பா, எனக்கு உங்கள் மேல் பயம் வந்தது. என் தலையைப் பின்னிவிட்ட கை அல்லவா அது? புகை வந்தபோது ஒரு தடவையாவது மேலே ஏற நினைத்தீர்களா? சாகும் வரை கவனக்குறைவு என்ற பழியைச் சுமந்தது எங்களுக்காகவா, இல்லை, அதுவே உங்களுக்கு நீங்கள் கொடுத்துக்கொண்ட தண்டனையா?

ஒரு வரிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார் அம்மா. எனக்கு ஆறவில்லை. அந்தப் புத்தகத்தில் சூசை மாமாவின் பெயர் எங்குமே இல்லை, அப்பா.

வெள்ளிக்கிழமை அந்த மனிதர் திரும்ப வருவார். முதலில் மாமாவின் பெயரை எழுத வைப்பேன். அதற்குக் கீழே, நீங்கள் திரையை மறக்கவில்லை என்று எழுத வைப்பேன். படிக்கிறவர்கள் உங்களைக் கொலைகாரன் என்பார்கள். சொல்லட்டும், அது நடந்ததுதான். வேலை தெரியாதவர் என்று மட்டும் ஒருத்தரையும் சொல்ல விடமாட்டேன்.

இன்று காலையும் போத்தல்களுக்குச் சாக்குப் போட்ட
உங்கள் மூத்த மகள்