ஆறு மாதக் கேரண்டி

அச்சங்குளம்
2.6.2025

அன்புள்ள வள்ளித்தாய்க்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலம்தானே? போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புங்கள் என்றாய். எட்டாம் வகுப்புக்குப் பிறகு இப்போதுதான் பேனா பிடிக்கிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே. சிரித்தாலும் நல்லதுதான்.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற வேலையை விட்டுவிட்டேன். உன் தம்பி செல்லப்பாண்டி செத்த அதே அறைக்கு நான் இன்னும் போகிறேன் என்றுதானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாய்? இப்போது பலவேசத்தின் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கு வந்துவிடு. சாமி கும்பிட்டுவிட்டு மூன்று பேரும் நம் வீட்டுக்குப் போகலாம். அன்றைக்கு உன் கழுத்தில் ஒரு சங்கிலி போட்டுப் பார்க்க ஆசை. தங்கம் நமக்கு எட்டாது. கவரிங் கடையில் நிற்கிறவள் நீ, எதை வாங்கட்டும் என்று நீயே சொல்.

உன்
மாரிக்கண்ணன்

விருதுநகர்
9.6.2025

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதத்தைப் பாப்பா நாலு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிழை எக்கச்சக்கம். சிரித்தேன்.

கடைக்கு வருகிறவர்களும் உங்களைப் போலத்தான், "எக்கா, எது கறுக்காது, எம்புட்டு நாள் தாங்கும்?" என்று உயிரை வாங்குவார்கள். சாதாக் கவரிங் மூன்று மாதம் மினுங்கும், அதுவும் தண்ணீர் படாமல் இருந்தால். மைக்ரோ பிளேட்டிங்கில் முலாம் கொஞ்சம் கனம், ஆறு மாதம் கேரண்டி தருகிறோம். ஒரு கிராம் தங்கம் என்பதில் பெயரில்தான் கிராம். கல்யாண வீட்டுக்குப் போட்டுப் போய்விட்டுக் கழற்றி வைக்க நன்றாக இருக்கும். ஐம்பொன்னில் முலாம் பூசியது பகட்டாக இருக்காது. ஆனால் முலாம் போனாலும் அசிங்கமாகத் தெரியாது. எனக்கு அது போதும், சாத்தூரிலேயே வாங்குங்கள்.

உங்களுக்கு ஒரு மைக்ரோ மோதிரம் அனுப்பியிருக்கிறேன், சிவப்புக் கல். இத்தனை வருடம் மருந்து அறைக்குள் உலோகம் ஆகாது என்று வெறும் விரலோடு இருந்தீர்கள். இனி அந்தத் தொல்லை இல்லையே. மச்சான், எனக்கு இப்போதுதான் ராத்திரி தூக்கம் வருகிறது.

உங்கள்
வள்ளித்தாய்

அச்சங்குளம்
3.7.2025

அன்புள்ள வள்ளிக்கு,

மோதிரம் அளவெடுத்த மாதிரி இருக்கிறது. குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. பலவேசம், "ஏலே, மாப்பிள்ளையாட்டம் இருக்கியேலே" என்று கேலி செய்கிறான்.

போன வாரம் போர்மேன் ஆண்டிச்சாமி வீட்டுக்கே வந்துவிட்டார். "மாரி, சீசன் நெருங்குது, உன் கை இல்லாம ஆர்டர் முடியாதுலே" என்றார். "வீட்ல விட மாட்டாக, அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. பாப்பாவுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்
மாரிக்கண்ணன்

அச்சங்குளம்
1.8.2025

அன்புள்ள வள்ளிக்கு,

சங்கிலி வாங்கிவிட்டேன், நீ சொன்ன ஐம்பொன்தான். மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன்.

ஒரு சின்ன வருத்தம். நீ கொடுத்த மோதிரம் கறுத்துவிட்டது. ஸ்டீயரிங் பிடிக்கிற கை, வியர்வை பட்டுத்தான் அப்படி ஆகியிருக்கும். ஆறு மாதம் கேரண்டி என்றாயே, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாற்றி வை. பதினைந்தாம் தேதி கோயிலில் உன் கையாலேயே போட்டுவிடு.

உன்
மாரிக்கண்ணன்

விருதுநகர்
8.8.2025

அன்புள்ள மச்சானுக்கு,

மோதிரம் வந்தது.

ஒரு வருடமாக இந்தக் கடையில் நிற்கிறேன். வியர்வை பட்டால் பச்சை பிடிக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் வெளுக்கும். இப்படிக் கரியாகக் கறுப்பதற்குக் கந்தகம் வேண்டும். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் கைக்கு அது எங்கிருந்து வரும்? அப்படியும் மனசு ஒப்பாமல் ஊக்கை எடுத்துக் கல்லுக்கு அடியில் கிளறினேன். பட்டாசு மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடி உதிர்ந்தது. முகர்ந்தும் பார்த்தேன். தம்பி சட்டையைத் துவைக்கும்போது வருமே, அதே வாடை. கடையில் ஆள் நிற்கிறது என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

அண்ணாச்சி கூப்பிட்டதும் போனீர்களா, இல்லை, வேலையை விடவே இல்லையா? என்னால் விட முடியவில்லை வள்ளி என்று எழுதியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான். வெள்ளையடித்தேன், பள்ளிக்கூடத்தில் சொன்னேன் என்று எழுதி என்னை நம்ப வைத்துவிட்டீர்களே. அதுவும் இந்த மோதிரத்தோடா உள்ளே போனீர்கள்? பொறி பறக்க ஒரு உரசல் போதாதா? நான் ஆசையாகக் கொடுத்ததே உங்களைக் கொன்றிருக்கும்.

பதினைந்தாம் தேதி நாங்கள் வரவில்லை. அதற்கப்புறமும் வர மாட்டோம். அந்த வீட்டில் இருந்துகொண்டு வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தெருவுக்கு ஓட என்னால் ஆகாது. சங்கிலியை யாரிடமும் கொடுத்து அனுப்ப வேண்டாம். அப்பாவுக்குச் சீசன் வேலை என்று பாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நானும் பொய் சொல்லப் பழகிவிட்டேன்.

கேரண்டி இருப்பதால் முதலாளி எதுவும் கேட்காமல் மாற்றிக் கொடுத்துவிட்டார். புது மோதிரம் இந்தக் கவரில் இருக்கிறது. வேலைக்குப் போகும்போது கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், மச்சான்.

வள்ளித்தாய்