சத்தம் போடாமல் வாருங்கள்

மண்டூர்,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பின் அத்தானுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். காத்தான்குடி ஸாஜித் தம்பி லீவு முடிந்து வெளிநாட்டுக்குத் திரும்புகிறார். உங்கள் கம்பெனிக்கே வருகிறவர் என்பதால் இதை அவர் கையில் கொடுத்து விடுகிறேன். போனில் தட்டினால், சொல்ல வந்தது இரண்டு வரியில் முடிந்துபோகிறது.

போன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் வீட்டிலிருந்து உங்கள் அழைப்பை எடுக்கவில்லை. ஆவணித் திருவிழாவுக்கு வர முடியாது, மார்கழியில் பார்ப்போம் என்று நீங்கள் சொன்னதால் வந்த கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. கறுவலுக்காகத்தான் எடுக்கவில்லை.

அன்று நீங்கள் வீடியோவில் வந்ததும், "எங்க என்ட கறுவல்?" என்று கேட்டு வழக்கம்போல விசில் அடித்தீர்கள். அவன் போனைப் பார்க்கவே மாட்டான் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் குரல் எதிலிருந்து வந்தாலும் அவனுக்கு அது கேற்றுக்கு வெளியேயிருந்துதான் வருகிறது. வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து, பின்னங்கால்கள் இழுபட இழுபட ஓடினான். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கேற்றடியில் விழுந்த பிறகுதான் அந்த மூச்சைக் கேட்டேன். வாளால் மரம் அரிகிற சத்தம். நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்குப் போல அவன் நாக்கு நீலம் பாரித்திருந்தது. போனை எங்கே போட்டேன் என்று நினைவில்லை. உங்களுக்கு வானம் மட்டும் தெரிந்திருக்கும்.

வாளித் தண்ணீரை வயிற்றிலும் பாதங்களிலும் ஊற்றினேன். பக்கத்து வீட்டு அன்னப்பூரணி மாமி வேலியால் எட்டிப் பார்த்து, "விட்டிடு கா லோஜினி, அதுக்கு வயசு போயிற்று, சாக விடு" என்றா. சொல்லிக்கொண்டே வந்து தன் முந்தானையால் விசிறினா. நாக்கு மெல்லச் சிவந்தபோது அவதான் முதலில் அழுதா.

மறுநாள் காலை வெயில் ஏறுமுன் விஜிதரனின் ஓட்டோவில் அவனை ஏற்றி, பாதைப் படகில் வாவியைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்குக் கொண்டுபோனேன். படகில் நின்ற ஒருவர், "என்ன மிஸ், லைப்ரரிக்குப் புதுசா ஆள் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள். கறுவல் ஓட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி வாவிக் காற்றைக் குடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அன்று அது ஒரு பயணம். நான் அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மிருக ஆஸ்பத்திரியில் நுஸ்ரா டொக்டர் ஆறுதலாகப் பார்த்தா. மூச்சு எடுக்கும்போது தொண்டைக்குள் இரண்டு கதவுகள்போலத் திறக்க வேண்டுமாம். இவனுக்கு அவை சரியாகத் திறப்பதில்லை. குரைப்பு அடைத்துப் போனதும் அதனால்தான். சளித் தடிமன் என்று நினைத்து மஞ்சள் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேனே. கண்டிப் பக்கம் கொண்டுபோனால் ஒப்பரேசன் செய்யலாம், ஆனால் இந்த வயதில் மயக்க மருந்து தாங்குவானா என்பதைத் தன்னால் சொல்ல முடியாது என்றா. வெக்கை ஆகாது, ஓட்டம் ஆகாது, கழுத்தில் பட்டி கட்டக் கூடாது. எல்லாவற்றையும் விட, பரபரப்பு ஆகாது என்றா. பயமும் சரி, சந்தோசமும் சரி.

கழுத்துப் பட்டியைக் கழற்றிவிட்டு நெஞ்சோடு மாட்டுகிற பட்டி ஒன்று தைத்தேன். அதற்கு உங்கள் பழைய நீலக் காற்சட்டையை வெட்டினேன், கேட்காமல் வெட்டியதற்குக் கோபிக்க வேண்டாம். அதில் உங்கள் வாசம் இருக்கவில்லை, அலுமாரி வாசம்தான் இருந்தது. கச்சான் காற்று நெருப்பாக அடிப்பதால், பகலில் ஈரச் சாக்கு விரித்து, மின்விசிறியைத் தரையில் வைத்துவிட்டு லைப்ரரி வேலைக்குப் போகிறேன். சோற்றையும் மீனையும் பிசைந்து சிறு உருண்டைகளாக, முக்காலியில் வைத்துக் கொடுத்தால் புரையேறுவதில்லை. விடிந்ததும் இருவரும் மெல்ல வாவிக்கரை வரை நடக்கிறோம். கறுவல் என்று பெயர், முகமெல்லாம் நரை. என் தலையும் அப்படித்தான், வீடியோவில் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

டொக்டரிடமிருந்து வந்த அன்று, காதில் மாட்டிக்கொண்டு பேசினால் அவனுக்குக் கேட்காது என்று நினைத்து அறைக்குள் இருந்து உங்களுக்கு அழைப்பு எடுத்தேன். நான் "ஹலோ" என்றதுமே அவன் எழுந்துவிட்டான். உங்களோடு பேசும்போது என் குரல் மாறுகிறது போலும். எனக்கே அது தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் பேசுவதற்குள் வைத்துவிட்டேன்.

அதனால்தான் திங்கட்கிழமை வாவிக்கரையில் நின்று பேசினேன். கறுவல் எங்கே என்றீர்கள். வீட்டில், கொஞ்சம் மூச்சுக் கஷ்டம் என்றேன். சாப்பிட்டாயா என்றீர்கள். ஓம் என்றேன். அங்கே வெயிலா என்றேன். ஓம் என்றீர்கள். பிறகு இருவரும் லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தோம். கட்டாகவில்லை. இத்தனை காலமும் நாம் பேசியதெல்லாம் அவனை நடுவில் இருத்திக்கொண்டுதான் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அவனும் போய்விட்டால் எதைப் பற்றிப் பேசுவோம் அத்தான்?

அன்று மாலை நீங்கள் அனுப்பிய செய்தியையும் பார்த்தேன். கஷ்டப்பட்டால் ஊசி போட்டுவிடச் சொல்லியிருந்தீர்கள். அந்த நாள் வந்தால் கூப்பிடச் சொல்லி டொக்டரும் சொல்லியிருக்கிறா. நான் பிடிவாதக்காரி அல்ல, வந்தால் கூப்பிடுவேன். ஆனால் விடியற்காலையில் அவன் கொக்கைப் பார்த்துக் காதை நிமிர்த்துகிறான். பொரித்த மீன் கேட்கிறான். இன்னும் அந்த நாள் வரவில்லை.

மார்கழி வரை இருப்பானா என்று கேட்டேன். டொக்டர் அவன் தலையைத் தடவினா.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். உங்கள் குரலைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் வந்துவிட்டதாக நம்புகிறவன் இந்த வீட்டில் அவன் ஒருவன்தான். நான் நம்பாமலிருக்கப் பழகிக்கொண்டேன். அதனால் எனக்கு மூச்சு வாங்குவதில்லை.

ஆவணிக்கே வரப் பாருங்கள். மனேஜரிடம் நாய்க்காக என்று சொல்ல வெட்கமாக இருந்தால் மனைவிக்குச் சுகமில்லை என்று சொல்லுங்கள். பொய்யென்று நான் சொல்லமாட்டேன்.

வரும்போது வெயில் தாழ்ந்த பிறகு வாருங்கள். ஓட்டோவைச் சந்தியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கேற்றைப் பூட்டமாட்டேன். விசில் வேண்டாம். நம் ஊர்க் கந்தனுக்கே பூசகர் வாயைத் துணியால் கட்டித்தான் பூசை, சத்தமில்லாமல் வருவது உங்களுக்குப் புதிதல்ல. முற்றத்தில் தள்ளியே குந்தியிருங்கள். காற்று உங்கள் வாசத்தை முதலில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அவனாக எழுந்து, மெல்ல வந்து, மோந்து பார்த்து நம்பட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், அவனையும் என்னையும். எங்கள் இருவருக்கும் சந்தோசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தர வேண்டும்.

வெயிலில் தண்ணீர் குடியுங்கள். கந்தன் உங்களைச் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
லோஜினி