பதினொரு எஸ் வார்த்தைகள்

ஜூன் 3, திங்கள்

மேஜையில் இருக்கும் தாளில் ஒரே ஒரு கட்டம் மட்டும் அழுக்காக இருக்கிறது. அதைத்தான் முதலில் பார்த்தேன். மற்ற கட்டங்கள் வெள்ளையாகக் கிடக்க, அதில் மட்டும் பென்சில் கோடு மேல் கோடு, கை பட்டுப் பட்டுக் கறுத்த தடம். தலைப்பில் ஓர் எழுத்து: எஸ்.

பிசிர் வெட்டும் பெஞ்சிலிருந்து செக்கிங் மேஜைக்கு என்னை மாற்றி இன்றோடு ஒரு வாரம். ஒரு மாதம் பார்ப்பார்களாம், சரிப்பட்டால் இங்கேயே. தைத்து வரும் சட்டையில் குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். தாளில் ஒரு கோடு போட வேண்டும். சட்டை தைத்தவரிடமே திரும்பிப் போகும். அவ்வளவுதான் வேலை.

தாளின் பின்பக்கம் குறைகளின் ஆங்கிலப் பெயர்கள் அச்சாகி இருக்கின்றன. எல்லாம் குட்டிக் குட்டி வார்த்தைகள். அதில் பதினொன்று எஸ்ஸில் தொடங்குகின்றன. எது எது என்று யாருக்கும் தெரியாததால் பதினொன்றுக்கும் ஒரே கட்டம், அம்பின் மேலும் வெறும் எஸ். வழிவழியாக இப்படித்தானாம். நானும் அப்படியே போட்டேன்.

மத்தியானம் எங்கள் லைனில் எல்லோரையும்விட வேகமாகத் தைக்கும் ராக்கெட் அக்கா சட்டையோடு வந்து நின்றாள். "ஏய் மியூட், இந்த எஸ்ஸப் பாத்துட்டு நான் பக்கத் தையல் மொத்தத்தையும் பிரிச்சு மறுபடி தைச்சுட்டேன். கடைசியில பாத்தா ஓரத்துல ஒரு எண்ணெய்ப் புள்ளி. நான் என்ன இங்க ஜோசியமா பாக்கறேன்?"

வாய் திறந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. எனக்கு மியூட் என்று பெயர் வந்ததில் தப்பே இல்லை.

ஜூன் 4

நாள் முழுக்க நான் பேசியது ஒரே வார்த்தை. "கத்தரி." அதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஜூன் 6, வியாழன்

குவாலிட்டி மேடம் அறைக்கு வெளியே ஒரு பலகை மாட்டி இருக்கிறது. துண்டுத் துணிகளைக் குத்தி, ஒவ்வொன்றின் கீழும் அதன் குறையின் பெயர் எழுதி இருக்கிறது. எத்தனை வருடமாக அங்கே இருக்கிறதோ, குடை மாட்டத்தான் பயன்படுகிறது. டீ நேரத்தில் மூன்று குடைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். சத்தமாகத்தான் வராது. வாசி என்று எழுப்பினால் நிற்பேன், வகுப்பே காத்திருக்கும், பிறகு சிரிப்பார்கள். ஒரு நாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அப்படியே நின்றுவிட்டது. பெரிய கதை ஒன்றும் இல்லை.

துணிக்கு முன்னால் நின்றபோது யாரும் காத்திருக்கவில்லை. நன்றாக இருந்தது.

ஜூன் 8, சனி

இரண்டு நாளாக அம்பிலும் மேஜைத் தாளிலும் முழு வார்த்தையை ஆங்கிலத்தில் எழுதி, கீழே தமிழிலும் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த வரை அர்த்தங்கள்:

ஸ்லப் — நூலே ஓரிடத்தில் பருத்திருப்பது. பாம்பு எலியை விழுங்கிய மாதிரி. மில்லிலிருந்தே அப்படி வருகிறது, இங்கே யாரையும் திட்ட முடியாது.

ஸ்னாக் — எதிலோ மாட்டி ஓர் இழை வெளியே வருவது. பிசிர் வெட்டும் கத்தரியால்தான் அதிகம். அதாவது போன மாதம் வரை நான்.

ஸ்கிப் — தையல் ஓர் எட்டு தாண்டிப் போவது. ஊசி மழுங்கினால் வரும். ராக்கெட் அக்கா இதைப் படித்துவிட்டு, "எங்க வீட்டுக்காரர் பேரு இங்கிலீஷ்ல இதானா? வேலைன்னு வந்தா ஒரு எட்டு தாண்டித்தான் போவாரு" என்றாள். லைனே சிரித்தது. நானும்.

ஸ்பாட், ஸ்டெயின் — இரண்டும் கறைதானே, எதற்கு இரண்டு என்று நினைத்தேன். ஸ்பாட் சின்னப் புள்ளி, மருந்து அடித்தால் போய்விடும். ஸ்டெயின் பரவினது, சலவைக்குப் போக வேண்டும்.

ஸ்லாக் — நூல் தொளதொளவென்று விட்டிருப்பது. இழுத்தால் தையல் பல்லிளிக்கும்.

ஷேட் — துணி ஒன்றுதான், ஒரு பாகத்தின் நிறம் மட்டும் துளி மாறியிருப்பது. இதை இன்னும் நேரில் பார்க்கவில்லை.

மிச்சம் நான்கு அடுத்த வாரம்.

இதை ஒரு தாளில் எழுதி, வீட்டில் சித்தியிடம் காட்டினேன். கையை நீட்டித் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "என்னடி எறும்பு ஊர்ற மாதிரி எழுதியிருக்க, நீயே படி" என்றாள். படித்தேன். சித்தியிடம் மட்டும் எனக்குச் சத்தமாகப் படிக்க வருகிறது. ஷேட் வந்ததும், "அது எங்க கட்டிங் சமாச்சாரம்" என்றாள். அவளும் இதே கம்பெனிதான். வெட்டின துணிகளில் எண் ஒட்டுகிறாள்.

"துணிய ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கித்தான் வெட்டுவாங்க, ஒவ்வொரு ரோலும் சாயத்துல கொஞ்சம் கொஞ்சம் மாறும். அதனால ஒரே அடுக்குல வெட்டின கை, முதுகு, காலர் எல்லாத்துக்கும் ஒரே நம்பர் ஒட்டுவேன். நம்பர் பாத்துச் சேத்தா கலர் பிசகாது. நடுவுல ஒரு அடுக்க விட்டுட்டா போச்சு, அதுக்கப்புறம் எல்லாம் ஒண்ணு தள்ளிப் போயிடும்."

பதினெட்டு முடிந்ததும் என்னை ஊரிலிருந்து கூட்டிவந்து இந்த வேலையில் சேர்த்தது சித்திதான். அன்று மேனேஜரிடம் எனக்காக அவளே பேசினாள்: "இவளுக்குப் பேச்சு வராது சார். ஆனா பாக்க வேண்டியதப் பாத்துடுவா." ஒரு வாளி, ஒரு அலமாரித் தட்டு, கட்டிலில் சுவரோரம் — கேட்காமலே எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்தாள்.

ஜூன் 11, செவ்வாய்

மேடம் தாளைப் பார்த்துவிட்டு, "இது யார் எழுதினது?" என்றார். ராக்கெட் அக்கா தன் மிஷினிலிருந்தே கத்தினாள்: "மியூட் மேடம். வாய்தான் இல்ல, கையெழுத்து இருக்கு."

நாளையிலிருந்து எல்லா மேஜையிலும் முழு வார்த்தை எழுத வேண்டுமாம். "வார்த்தை தெரிஞ்சா எங்க தப்பு, யார்கிட்ட தப்புன்னு தெரிஞ்சுடும்" என்றார் மேடம். "போன வருஷம் மூவாயிரம் சட்டை ஷேட்ல திரும்பி வந்துச்சு. எல்லாரும் எஸ், எஸ்ஸுன்னு போட்டே அனுப்பியிருக்காங்க. நம்பர் ஒட்டினவங்கள வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிடுச்சு."

அப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டவரின் இடத்துக்குத்தான் சித்தி வந்தாள்.

இருந்தாலும் இன்று மனசு நிறைந்திருந்தது. அதை எழுதாமல் விடக்கூடாது.

ஜூன் 14, வெள்ளி

மேஜைக்கு மேல் ட்யூப் லைட் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அதனால் சட்டையை ஜன்னலுக்கு எடுத்துப்போனேன். வெளிர் சாம்பல் சட்டை. முதுகில் ஒரு சாம்பல், வலது கையில் வேறொரு சாம்பல். மறுபடி லைட்டுக்கு அடியில் பார்த்தால் ஒன்றுபோல இருக்கிறது. மறுபடி ஜன்னல் — இல்லை, வேறுதான்.

உள்பக்கம் புரட்டி எண்ணைப் பார்த்தேன். முதுகு 46. கை 46. எண் சரி. துணி தப்பு.

எண் ஒட்டும்போது ஒரு அடுக்கு விட்டுப்போயிருக்கிறது. கைக்கு மட்டும். ஒரே ரோலுக்குள் நிறம் ஒன்றுதான்; ஒரு ரோல் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில்தான் அது வெளியே தெரியும். மூன்று மணிக்குள் ஆறு சட்டை.

பேனாவை எடுத்தேன். பழைய மாதிரி எஸ் என்று போட வழி இல்லை. அந்த வழியை அடைத்தது நான்தான்.

ஆறிலும் ஸ்பாட் என்று எழுதினேன்.

ஜூன் 15, சனி

ராக்கெட் அக்கா காலையிலேயே வந்துவிட்டாள். ஆறு சட்டையும் மருந்து அடித்து ஈரமாக இருந்தன. "புள்ளி எங்கடி? தேடித் தேடி என் கண்ணு பூத்துப்போச்சு. இத்தனை நாள் ஒழுங்காத்தானே எழுதின?" திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டில் சித்தியிடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன், 46 உட்பட. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"உன்ன யாரு முழு வார்த்தை எழுதச் சொன்னா?"

பிறகு: "நான் இனிமே பாத்து ஒட்டிக்கறேன். போனது போகட்டும். நீ வாயத் தொறக்காம இரு. அது உனக்கு நல்லா வருமே."

அப்படியா சொல்றது? எனக்காகப் பேசினவளே அப்படிச் சொன்னா நான் யார்கிட்டப் போறது? நான் என்ன தப்பு செஞ்சேன், பலகையப் பாத்துப் படிச்சேன், அவ்வளவுதானே. படிச்சது தப்பா? தெரியல. நான் சொன்னா சித்திக்கு வேலை போயிடும். சொல்லலைன்னா இன்னும் எத்தனை சட்டை — மறுபடி மூவாயிரம் ஆனா? அப்பவும் போகப்போறது சித்தி வேலைதான்.

ஜூன் 16, ஞாயிறு

காலையிலிருந்து பேச்சில்லை. பதினொரு மணிக்குச் சித்தி ரவிக்கைக்குக் கொக்கி தைக்க உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க வரவில்லை. ஐந்து தடவை, ஆறு தடவை. நான் போய்க் கையை நீட்டினேன். தரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தானே கொடுத்தாள்.

"ரெண்டு மாசமா நம்பர் மங்கலாத்தான் தெரியுது. விரலால எண்ணி ஒட்டிட்டிருந்தேன். கண்ணாடி போட்டா அந்த மேஜையில வச்சிருக்க மாட்டாங்களோன்னு பயம்."

சாயங்காலம் கண்ணாடிக் கடைக்குப் போனோம். சோதிக்கும் சட்டத்தில் ஒவ்வொரு வில்லையாகப் போட்டு மாற்றினார்கள். ஒன்றில் சட்டென்று நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "அடி பாவி, உனக்கு மீசை இருக்கே." கடைக்காரர் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

வரும் வழியில் நான் சொன்னேன், நாளைக்கு மேடம்கிட்டச் சொல்லப்போறேன் சித்தி.

தெருவைக் கடக்கும்போது அவள் என் கையைப் பிடித்திருந்தாள். எப்போதும் பிடிப்பாள். அதற்கு அர்த்தம் இருக்கிறதா இல்லையா, எனக்குத் தெரியாது.

ஜூன் 17, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மேடம் அறை வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிடும்வரை, கூப்பிட்ட பிறகும் நின்றேன். அவர் காத்திருந்தார். சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைத் தாளை மேஜையில் வைத்து, ஸ்பாட்டை அடித்து, அவர் கண் எதிரே ஷேட் என்று எழுதினேன். கடைசி எழுத்து கோணிவிட்டது. பிறகுதான் குரல் வந்தது.

"ஆறு மேடம். நான்தான் தப்பா எழுதினேன். தெரிஞ்சேதான்."

"நம்பர் ஒட்டறது உங்க சித்திதானே?"

"ஆமா மேடம். கண்ணு சரியாத் தெரியல அவங்களுக்கு. கண்ணாடி வாங்கியாச்சு."

இத்தனை வார்த்தைகள் வெளி ஆளிடம் ஒரே மூச்சில் நான் பேசியது இதுதான் முதல் தடவை.

ஜூன் 18

லைனை நிறுத்தினார்கள். தைக்காமல் இருந்த சட்டைக் கைகளை எல்லாம் எடுத்து, மேடம் பக்கத்தில் நிற்க, சித்தியே கண்ணாடி போட்டு எண்ணி மறுபடி ஒட்டினாள். தைத்ததில் பிரிக்க வேண்டியது பதினேழு. "மூவாயிரம் இல்ல, பதினேழு" என்று மேடம் மேனேஜரிடம் சொன்னது எங்கள் மேஜை வரை கேட்டது.

சித்திக்கு வேலை போகவில்லை. எண் மேஜையிலிருந்து எடுத்து மூன்று வாரம் பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். நின்றுகொண்டே செய்யும் வேலை. எனக்கு, பொய்யாக எழுதியதற்காக, செக்கிங் மேஜைப் பரீட்சை இன்னும் ஒரு மாதம் நீள்கிறது. நியாயம்தான்.

பதினேழையும் ராக்கெட் அக்கா தானே பிரித்தாள். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். "அந்தப் பக்கம் பிடி, நூல இழுக்கணும்" என்றாள். பிடித்தேன். அதோடு முடிந்தது. இப்படியும் ஒருத்தி.

ஜூன் 24

சித்தி வீட்டில் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். பால் வாங்கினாயா, கதவைச் சாத்து. இரவில் கால் வீங்கியிருக்கிறது. வெந்நீர் வைத்துக் கொடுக்கிறேன், வேண்டாம் என்று சொல்வதில்லை.

ஜூன் 29

சீம் — தையல் விட்டது, ஸ்லிட் — கீறல், ஸ்லான்ட் — கோணல், சைஸ் — அளவு. பதினொன்றும் முடிந்தது. பக்கத்து மேஜைக்காரி கேட்டாள் என்று என் தாளைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். அவளிடமிருந்து அடுத்த மேஜைக்குப் போயிருக்கிறது.

ஜூலை 9, செவ்வாய்

சித்தி நேற்றிலிருந்து எண் மேஜைக்குத் திரும்பிவிட்டாள். மேடம் ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறார்: நூறு அடுக்குக்கு ஒரு தடவை இன்னொருத்தர் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். அந்த இன்னொருத்தரைத் தேர்ந்தெடுத்தது சித்தி. பேக்கிங்கில் பழக்கமான ஒரு பெண்ணாம், வாயாடியாம். "எண்ணும்போது மட்டும் பேச மாட்டா" என்றாளாம்.

இன்று டீ நேரத்தில் சித்தி என் மேஜைக்கு வந்தாள். இத்தனை நாளில் வந்ததில்லை. டம்ளரைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தாளைத் திருப்பி, பெயர்களின் மேல் விரலை ஓட்டினாள்.

"இதுல என்னோடது எது?"

காட்டினேன். ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் படித்தாள். மெதுவாக, ஆனால் சத்தமாக.

"இத்தனூண்டு வார்த்தையா," என்றாள். டீயை ஊதிக் குடித்தாள். "கால் வலிக்குது."

பெஞ்சில் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.