ராஜுவுக்கு எடுத்த பெரிய வண்டி

சேசு மரி சூசை துணை

ஈப்போ, 1926 ஆகஸ்டு 24

செல்ல மகள் குழந்தையம்மாளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அவளுக்கு முட்டிவலிதான் போகவில்லை, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரன் ராஜுவும் சம்பந்தியம்மாளும் சுகம் என்று ஒரு வரி போட்டால் எங்களுக்குச் சோறு இறங்கும்.

ஐந்து மாதக் கர்ப்பத்தோடு நாலரை வயசுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்கும் பிள்ளைகளை விடும் ஆயாக்கொட்டகைக்கும் நடக்கிறாய் என்று படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. போன வருஷம் ஒன்று கலைந்தது போதாதா தாயி. கனம் தூக்காதே என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஐயா கண்டித்த பிறகும் தூக்குகிறாய், காய்ச்சலில் கால் விழுந்த பிள்ளையைத் தரையில் விட மனசு வருமா என்று கேட்பாய், அதுவும் சரிதான். உன்னை வைது என்ன ஆகப்போகிறது, அவனை உட்காரவைத்துத் தள்ள ஒரு வண்டி வந்தாக வேண்டும். ராஜுவின் நீளத்தை நூலில் பிடித்து அனுப்பு என்றேன், உயிரோடிருக்கிற பிள்ளையை நூல் பிடிப்பதா, சவப்பெட்டிக்குத்தான் அப்படி அளப்பார்கள் என்று சம்பந்தியம்மாள் நூலைப் பிடுங்கி அடுப்பில் போட்டார்களாமே. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, பிறகு ரெண்டு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவர்களின் பயம் என்று விட்டுவிட்டேன், நீயும் சண்டை வளர்க்காதே.

பதினோரு வருஷமாக ஈப்போ ஸ்டேஷனில் துரைசாணிகளின் பிள்ளைவண்டிகளை இறக்குகிறேன், எது எங்கே உடையும் என்று கடைக்காரனைவிட எனக்குத் தெரியும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், சக்கரம் என் உள்ளங்கை அகலம்தான், சரளையில் வைத்தால் புதைந்து நிற்கும். கைக்குழந்தை படுக்கிற வண்டி அது, ராஜு காலை எங்கே நீட்டுவான். ஆகையால் ரிக்ஷா பழுதுபார்க்கும் கடையின் சீன முதலாளி தவுக்கேயிடம் போனேன், மூன்று வண்டி காட்டினார். ஒரு வண்டிக்கு முன்சக்கரம் சின்னது, உங்கள் செம்மண் ரோட்டுப் பள்ளத்தில் குத்திக் கவிழ்த்துவிடும். இன்னொன்று உயரம், பிள்ளை துள்ளினால் சாயும். மூன்றாவது ரெண்டு பெரிய ரப்பர் சக்கரம், தாழ்ந்த இருக்கை, அரிசி மூட்டையை வைத்துத் தண்டவாளத்து ஓரம் சரளைமேல் தள்ளிப் பார்த்தேன், புதையவும் இல்லை சாயவும் இல்லை, தவுக்கேதான் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் இருக்கையை எவ்வளவு பெரிதாகச் செய்யச் சொல்வது. நீயோ சின்னதே போதும் அப்பா, கிறிஸ்மஸுக்குள் நடந்துவிடுவான் என்று எழுதியிருந்தாய். வண்டிப் பேச்சை எடுத்தாலே வீட்டுக்காரர் எழுந்து போய்விடுகிறார், அவருக்கு வெட்கம் என்றும் எழுதியிருந்தாய்.

போன ஞாயிறு மாப்பிள்ளை இங்கே வந்தார். தாப்பாவுக்குச் சாமான் வாங்கப் போவதாக உன்னிடம் சொல்லிவிட்டு ரயிலேறியிருக்கிறார். வந்தவர் காப்பியைக்கூடத் தொடவில்லை. தவுக்கே கடையில் நின்றபடி, தூக்கினால் ராஜு தலை என் காதுக்கு வரும், கால் இங்கே தொங்கும் என்று தம் தொடையைத் தொட்டுக் காட்டினார், நூல் இல்லாமலே அளவு கிடைத்துவிட்டது. உங்கள் வாசல் சாக்கடைக் கான்மேல் போட்ட பலகையின் அகலத்தையும் அடி வைத்துக் காட்டினார், சக்கரம் அதற்குள் போகும்படி செய்தாயிற்று. பிறகு சொன்னார், “பெருசா எடுங்க மாமா. ஏழு வயசு வரைக்கும் அவன் உக்காரணும். கிறிஸ்மஸுக்கு நடந்துருவான்னு அவ நம்பிக்கிட்டு இருக்கா, அவகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் எழுந்து போவது வெட்கத்தினால் இல்லை தாயி. உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கினார், இதோ மீறிவிட்டேன், அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

பெரிய வண்டி வருகிறதே, பிள்ளை நடக்கவே மாட்டானா என்று நினைக்காதே. எண்ணெய் தேய்த்துக் காலை நீட்டி மடக்குவதை விடாதே, சீக்கிரம் நடந்தால் வண்டியில் விறகு ஏற்றிக்கொள்வோம், எனக்கு நஷ்டமில்லை. அழுகை வந்தால் தனியாக அழாதே, அவரோடு சேர்ந்து அழு. இறக்கத்தில் வண்டியைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கு, இடுப்புவாரை மறக்காதே.

தேவமாதா உங்கள் நாலு பேரையும் வயிற்றில் இருக்கிறதையும் காப்பாளாக. வருகிற ஞாயிறு காலை ரயிலில் வண்டியை ஏற்றுகிறேன், பூசை முடிந்து ரெண்டு பேருமாகத் தாப்பா ரோடு ஸ்டேஷனுக்கு வாருங்கள், தோட்டம் ரெண்டு மைல்தானே. வீடு வரைக்கும் மாப்பிள்ளையே தள்ளட்டும். நீ கையை வீசிக்கொண்டு பக்கத்தில் நட.

உன் அப்பா
செபாஸ்டியன்