மேனேஜருக்கு வெந்த குடமிளகாய்

பிப்ரவரி 10, செவ்வாய்

எங்கள் டிரைவிங் ஸ்கூலுக்குக் கார் பழக வந்த ஓர் அம்மா இன்று பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். சொல்லிக்கொடுக்கும் நான் உயிர் தப்பி வீடு வந்தால், ஹாலில் மாமனார் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். கணவரின் அண்ணன் வீட்டிலிருந்து சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர். இங்கேயே இருந்துவிடுங்கள் என்று நாங்கள் சொல்லாத நாளில்லை. "பார்க்கலாம்மா" என்பார். உப்பில்லாமல் சமைத்தாலும் அருமை என்பார். இப்படிப்பட்டவரோடு எப்படிச் சண்டை போடுவது? சண்டை போடாமல் எப்படி ஒட்டுவது?

மேனேஜரிடம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டார். அது எங்கள் கினிப் பன்றி. ஒரு வேலையும் செய்யாமல் சாப்பாட்டுக்குக் கத்துவதால் மகள் வைத்த பெயர். காலையில் நான் குடமிளகாய் நறுக்கி வைத்துவிட்டுப் போகிறேன். மத்தியானம் மாமா கொடுக்கிறார். அவரே கேட்டு வாங்கிய வேலை.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டாலே கத்தும் மேனேஜர் இன்று கத்தவில்லை. ஃப்ரிட்ஜை மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தேன். கரண்ட் வீணாகிறது என்று கணவர்தான் கத்தினார்.

மார்ச் 3, செவ்வாய்

மேனேஜருக்குக் கால் மூட்டு வீங்கியிருக்கிறது. தொட்டாலே கீச்சிடுகிறது. எல்லோருமாகக் கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

வைட்டமின் சி குறைவாம். நம்மைப் போலவே அதன் உடம்பும் அதைத் தானாகத் தயாரிக்காது, தினமும் சாப்பாட்டில்தான் போக வேண்டுமாம். தினமும் குடமிளகாய் கொடுக்கிறோமே என்று கிட்டத்தட்டச் சண்டைக்கே போனேன். தீவனம் எப்போது வாங்கியது என்றார். கணவர் தள்ளுபடியில் வாங்கிப் போட்ட பழைய மூட்டை. நாளாக ஆக அதிலும் வைட்டமின் போய்விடுமாம். கணவர் சீலிங்கைப் பார்த்தார். சரி, குடமிளகாய்?

மாமா பெருமையாகச் சொன்னார்: "நல்லா குழைய வேகவச்சு, தண்ணிய வடிச்சுட்டுத்தான் குடுக்கறேன் டாக்டர். பாவம், கடிக்கக் கஷ்டப்படுமே."

டாக்டரம்மா பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னார் — வேகும்போதே பாதிச் சத்து போய்விடும், மீதி வடித்த தண்ணீரோடு போய்விடும். அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துத் தின்பதுதான் நல்லது. பிழைக்குமா என்றாள் மகள். "இந்த வாரத்துக்குள்ள தானா சாப்பிட ஆரம்பிச்சா பிழைச்சுக்கும்."



மார்ச் 4, புதன்

மாமா பெட்டி கட்டுகிறார். பெரிய மகன் வீட்டுக்கே போகிறாராம். "நான் தொட்டது விளங்காது" என்கிறார். என்ன பேச்சு இது? கோபம் வந்தால் எனக்கு நாக்கு நிற்காது. வந்தது.

"தப்புப் பண்ணிட்டுக் கிளம்பிட்டா அதை யாரு பாத்துக்கறது மாமா? நான் கார் சொல்லிக்குடுக்கப் போகவா, அதுக்கு மருந்து ஊத்தவா?"

ஐயோ, மாமனாரிடம் குரலை உயர்த்திவிட்டேன். ஆனால் வாபஸ் வாங்கப்போவதில்லை.

சிரிஞ்சில் வைட்டமின் மருந்து கொடுக்கப் போனால் மேனேஜர் என்னைக் கடித்தது. கணவரைக் கடித்தது. மாமா என் கையிலிருந்து சிரிஞ்சை வாங்கி, மேனேஜரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். சொட்டுச் சொட்டாகக் குடித்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

மேனேஜர் இன்னும் சாப்பிடவில்லை. மாமாவும்தான்.

மார்ச் 8, ஞாயிறு

சாப்பிட்டது! வேகாத குடமிளகாய், விரல் நீளத் துண்டு, கறுக் முறுக்கென்று. விடிந்தும் விடியாததுமாக மாமா எல்லோரையும் எழுப்பிக் காட்டினார். "பல்லைப் பாரு, என் பல்செட்டைவிட நல்லா இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள், நான் அழுதேன். பெட்டியிலிருந்து இரண்டு சட்டைகள் கொடிக்கு வந்திருக்கின்றன. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

காய் வதக்கிக்கொண்டிருந்தேன். மாமா சட்டிக்குள் எட்டிப் பார்த்து, இவ்வளவு நேரம் வதக்கினால் இதில் என்ன சத்து மிஞ்சும் என்றார். நேற்று தக்காளி வாடல் என்றார். இன்று நானும் விடவில்லை, நன்றாகவே முட்டிக்கொண்டோம். பஞ்சாயத்துக்கு வந்த கணவர் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நடுவில் பெரிய மகனின் போன். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருப்பார்போல. மாமா என் காதுபடவே சொன்னார்: "எங்கேப்பா வர்றது? இங்க ஒருத்திக்குக் காய் வதக்கவே தெரியல. நான் இல்லன்னா இந்த வீடு அவ்வளவுதான்."

நான் திரும்பிப் பார்க்காமல் வதக்கிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.