மஞ்சள் முன்னே, சிவப்பு பின்னே

இன்று காலை ஷெட்டில் ஒரு போல்ட்டை முடுக்கிச் சோதித்துவிட்டு, குறி போட மஞ்சள் மார்க்கரின் மூடியைத் திறந்தேன். அந்தப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியதும் கை அப்படியே நின்றுவிட்டது. நீ போய் நாற்பது நாளாகிறது, மச்சான். இந்த வாசனைக்கு உன்னைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வருவதில்லை. மார்க்கரை மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீ உயிரோடு இருந்தபோது சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே பதினோரு வருஷம் ஓட்டிவிட்டேன். அந்த ரோட்டரி கார் விஷயம்தான், வேறென்ன.

அப்போது ஒரகடம் கார் கம்பெனியில் நாம் ஒரே லைனில் இருந்தோம். இருவரும் கான்ட்ராக்ட். நான் போல்ட் முடுக்குகிறவன், நீ சோதிக்கிறவன். முடுக்கியவன் முதலில் சிவப்புக் கோடு இழுக்க வேண்டும், சோதித்தவன் பிறகு பக்கத்தில் மஞ்சள் கோடு இழுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் எத்தனை நூறு கோடுகள். தூக்கத்தில்கூடக் கை தானாகக் கோடு இழுக்கும். ஸ்டெல்லாவைப் பெண் பார்க்கப் போன அன்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாயே, ஞாபகம் இருக்கிறதா? வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் காதில், "மொதல்ல நீ பாத்து செவப்பு போடு மச்சான், அப்பால நான் மஞ்சள் போடுறேன்" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் பெண்ணின் அப்பா என்னைத்தான் மாப்பிள்ளை என்று நினைத்துவிட்டார்.

வாலாஜாபாத் சாலையில் பழைய கார்களைச் சேர்த்து வைத்திருந்த ஒரு சாரிடம் உனக்கு எப்படிப் பழக்கம் வந்ததோ தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஷெட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். மூலையில் தூசி போர்த்தி நின்றது அந்த இரண்டு கதவு ரோட்டரி கார். "இத ஓட வச்சிட்டா ஷெட் பொறுப்பு மொத்தமும் எனக்குன்னு சார் சொல்லிகீறாரு. அப்பறம் கான்ட்ராக்ட் முடியுதே, முடியுதேன்னு வவுத்துல நெருப்பக் கட்டிக்கினு திரிய வேணாம்" என்றாய். அப்போது உன் மூத்தவள் ஸ்டெல்லாவின் வயிற்றில் இருந்தாள். அந்த வேலை உனக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லவே முடியாது. நன்றாகத் தெரியும்.

அந்த எஞ்சினைப் பார்த்து முதல் நாள் இருவரும் திருதிருவென்று விழித்தோம். பிஸ்டன் கிடையாது. முட்டை மாதிரி ஓர் அறை, அதற்குள் வயிறு பிதுங்கிய முக்கோணம் ஒன்று சுற்றுகிறது. அப்படி இரண்டு அறைகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பிளக், மேலே ஒரு பிளக். கீழ் பிளக் முதலில் தீப்பொறி அடிக்க வேண்டும், மேல் பிளக் கொஞ்சம் பிந்தி அடிக்க வேண்டும். முன்னால் எஞ்சினோடு சுற்றும் புல்லிச் சக்கரத்தின் விளிம்பில் இரண்டு வெட்டுகள் உண்டு. தீப்பொறியோடு சேர்ந்து மினுக்கும் டைமிங் லைட்டை அடித்துப் பார்த்தால், முன்மூடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிக்கு நேராக அந்தந்த வெட்டு வந்து நிற்க வேண்டும். கீழ் பிளக்குக்கு மஞ்சள் வெட்டு, மேல் பிளக்குக்குச் சிவப்பு வெட்டு என்று சார் வைத்திருந்த புத்தகம் சொன்னது. நீ மஞ்சளுக்கு அண்ணன், சிவப்புக்குத் தம்பி என்று பெயர் வைத்தாய். "அண்ணன் பேசி முடிச்சப்புறம்தான் தம்பி பேசணும். எங்க வூட்லதான் அது நடக்காது, இங்கயாவது நடக்கட்டும்" என்றாய்.

புல்லியில் துரு ஏறி நிறமெல்லாம் போயிருந்தது. நீ டீ வாங்கப் போயிருந்தாய். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சட்டைப் பையில் இருந்த மார்க்கர்களை எடுத்து வெட்டுகளுக்கு நிறம் பூசினேன். எஞ்சின் சுற்றும் திசையில் முதலில் வருகிற வெட்டுக்குச் சிவப்பு, அடுத்து வருவதற்கு மஞ்சள். லைனில் போடுவது போலவே. புத்தகத்தைப் பார்க்கவில்லை. கைக்குத் தெரியாததா என்ற திமிர். நீ வந்து பார்த்து, "பளிச்சுனு கீது" என்றாய். இரண்டு குறியும் விழுந்ததை யாராவது திரும்பச் சரிபார்ப்பார்களா? லைனில் அப்படிச் செய்தால் சூப்பர்வைசர் திட்டுவார்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கார் நம் உயிரை வாங்கியது. ஸ்டார்ட் ஆகும், இருமும், ஆக்சிலேட்டரை மிதித்தால் சைலன்சரில் படார் என்று வெடிக்கும். கொஞ்ச நேரத்தில் சைலன்சர் பழுத்த இரும்பாகச் சிவந்துவிடும். மஞ்சளை ஊசிக்கு நேராக வைத்தால், சிவப்பு என்ன திருகினாலும் ஊசி பக்கமே வராது. தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில்தான் கோளாறு என்று வேறொன்று தேடி வாங்கி மாற்றினோம். பிளக் வயர்களை மாற்றினோம். காயிலை மாற்றினோம். சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு வந்து, அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு வண்டிக்கு அடியில் புகுந்துவிடுவாய். "அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்துகீறேன், இன்னிக்கு ஓடிரும்" என்பாய். மதியம் ஸ்டெல்லா கட்டிக் கொடுத்த கருவாட்டுக் குழம்பு. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எந்த வேலையிலும் தோற்றதில்லை. உண்மையாகச் சொல்கிறேன்.

நான்காவது ஞாயிறு சார் இரண்டு நண்பர்களோடு வந்துவிட்டார், வண்டி ஓடுவதைக் காட்ட. அவர்கள் முன்னால் அது படார் என்றது. சார் முகம் கறுத்துப்போனது. நீ எஞ்சினை அணைத்துவிட்டு, புல்லி நட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையால் மெல்லச் சுற்றினாய். ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாய். முதலில் சிவப்பு வந்தது, பிறகு மஞ்சள்.

"தம்பி மொதல்ல வர்றான் மச்சான்" என்றாய், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

சிவப்பை முன்னே பூசியவன் நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. நீ தின்னரில் துணியை நனைத்து இரண்டையும் துடைத்து, நிறத்தை மாற்றிப் பூசி, டைமிங்கைத் திருப்பி வைத்தாய். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சாவியைத் திருப்பியதும் கார் தையல் மிஷின் மாதிரி ஓடியது. சாரின் நண்பர்கள் கை தட்டினார்கள். சார் தட்டவில்லை.

"ஒரு மாசமா இதுக்கா இவ்ளோ செலவு? யாரு பெயிண்ட் அடிச்சது?"

நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து, கீழே கிடந்த ஸ்பேனர்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் ஸ்பேனர் பொறுக்கியவனை என்ன சொல்லித் திட்டுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"நான்தான் சார். லைன் பழக்கத்துல மாத்தி அடிச்சிட்டேன்" என்றாய்.

அடுத்த வாரம் சார் என்னைக் கூப்பிட்டு, "அவன் நல்லவன்தான், கவனம் பத்தாது. ஷெட்ட நீ பாத்துக்க" என்றார். நான் ஷெட் சாவியை வாங்கிக்கொண்டேன்.

நீ என்னோடு பேசாமல் இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பேசினாய். ஒரகடம் கூட்டு ரோட்டு டீக்கடையில் ஒரு நாள், கிளாசை ஆட்டிக்கொண்டே, "அந்த கலரு எப்டி மாறிச்சுன்னு நானும் யோசிச்சிக்கினே கீறேன் மச்சான்" என்றாய். கோபமே இல்லாத குரல். உண்மையைச் சொல்ல எனக்கு வழி விட்டாய் என்று அப்போதே புரிந்தது. "அட விடு, பழைய கதை" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். நீயும் குடித்தாய். அதற்குப் பிறகு எத்தனை முறை ஷெட்டுக்குக் கூப்பிட்டாலும், "ஓ.டி. இருக்கு" என்பாய். கான்ட்ராக்ட் முடிந்து, வேறு கம்பெனி, அதுவும் முடிந்து இன்னொன்று. கடைசியில் கம்பெனி பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய்.

முப்பதாம் நாள் பூசைக்கு உன் ஊருக்கு, சேரப்பணஞ்சேரிக்கு வந்திருந்தேன். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் அழவில்லை. நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு இது தெரியாதுண்ணா. அவரு தன் தப்புன்னுதான் எங்கிட்டயும் சொன்னாரு. நான்கூட, கவனமா இருந்திருக்கக் கூடாதான்னு அப்பப்ப சொல்லிக் காட்டியிருக்கேன். எங்கிட்ட சொல்லி இன்னாண்ணா பண்றது? யாருகிட்ட அவரு பேரு கெட்டுச்சோ அங்க போயி சொல்லுங்க."

நேற்று சார் வீட்டுக்குப் போனேன். சாருக்கு வயதாகிவிட்டது, காரெல்லாம் இப்போது மகன் பொறுப்பு, ஷெட்டில் நான் அவனிடம்தான் வேலை செய்கிறேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குறியை மாற்றிப் பூசியது நான், நீ இல்லை, அந்த வேலை உனக்கு வந்திருக்க வேண்டியது என்று சொன்னேன். வாசலுக்கு வெளியே தள்ளுவார், குறைந்தபட்சம் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"உன்கூட வருவானே ஒருத்தன், அவனா? அவன் பேரு இன்னா?"

உன் பெயரைச் சொன்னேன் மச்சான். அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. இன்னும் கிட்டே போய் உரக்கச் சொன்னேன்.